எட்டு இல்லாத படிவங்கள்

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பழகிவிட்டேன்: அளக்கிறேன். நிலமா, துணியா என்று அடுத்த கேள்வி வரும். இரண்டும் இல்லை. பல்கலைக்கழகத்தில் யாராவது எதையாவது ஆராய்ச்சி செய்யக் கிளம்புவார்கள். அவர்களுக்குக் கெடா மாநிலத்தின் இந்தப் பக்கத்துச் சந்துபொந்து தெரியாது, தமிழும் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும், மோட்டார் சைக்கிளும் இருக்கிறது. பாக்கார் ஆராங்கில் என் வீட்டு வாசலில் அதைக் கிளப்பினால் ஒரு மணி நேரத்துக்குள் எந்தத் தோட்டத்துக்கும் போய்விடுவேன். மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்தம் போடுவார்கள். ஒன்று முடிந்ததும் அடுத்த ஆராய்ச்சி, அடுத்த அளவுகோல்.

முதலில் அளந்தது ரப்பர் பால். சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்டத்து ஆய்வுக்கூடத்தில், பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்கிற வேலை. ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, எந்தக் கோடுவரை அமிழ்கிறது என்று படிக்க வேண்டும். மேலே நுரை நின்றால் கோட்டை நம்ப முடியாது. அதனால் அதே பாலில் கொஞ்சம் எடுத்து, உறைய வைத்து, காய வைத்து, நிறுத்தும் பார்ப்போம். இரண்டு வழியில் வந்த கணக்கும் ஒத்துப்போனால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அடுத்தது கொசுப்புழு. தேங்கிய தண்ணீரில் கரண்டியை விட்டு மொண்டு, எத்தனை புழு என்று எண்ண வேண்டும். மூன்று நாள் எண்ணியும் ஒன்றுகூட அகப்படவில்லை. கொசுவே இல்லாத ஊர் என்று எழுதிக் கொடுத்திருப்பேன், உடம்பெல்லாம் தடிப்பு இல்லாவிட்டால். பிறகுதான் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்: என் நிழல் தண்ணீரில் விழுந்ததும் புழுக்கள் அடிக்குப் போய்விடுகின்றனவாம். வெயில் முகத்தில் அடிக்கிற பக்கமாக நின்று மொண்டேன். கரண்டி நிறையப் புழு. அளக்கப் போகிறவளின் நிழல் அளக்கப்படும் பொருளின் மேல் விழக்கூடாது என்பதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை, அந்தக் குட்டையில்தான் படித்தேன்.

அதற்குப் பிறகு ஆற்றுத் தண்ணீர். கறுப்பும் வெள்ளையுமான வட்டத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறிப்பது. தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு. இப்படி ஒவ்வொரு துறைக்கும் போய்ப் போய் எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது. ஒரு எண்ணைப் பார்த்தால் அது எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், யார் எடுத்தது, எதை வைத்து எடுத்தது, எங்கே நின்று எடுத்தது என்றுதான் கேட்கத் தோன்றும். வீட்டில் இதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள். கோழி ஒன்றரைக் கிலோ என்று கணவர் சொன்னால்கூட, தராசைப் பார்த்தீர்களா என்று கேட்கிற ஆள் நான்.

இவ்வளவு கெட்டிக்காரி மாட்டிக்கொண்டது முழங்கால் ஆராய்ச்சியில்.

தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு முழங்கால் வலி எவ்வளவு என்று கணக்கெடுக்க வேண்டும். புக்கிட் செலம்பாவ் வட்டாரத்துத் தமிழ் வீடுகள் என் பங்கு. பக்கத்துச் சீனர் கம்பம், அதாவது சீனர் கிராமம், ஒரு சீனப் பெண்ணின் பங்கு. வீடு வீடாகப் போய் வயது, மதம், செய்த வேலை எல்லாம் கேட்டு, கடைசியில் ஒரு கேள்வி: வலியே இல்லை என்றால் சைபர், தாங்கவே முடியாத வலி என்றால் பத்து, உங்கள் வலிக்கு எத்தனை? சொன்ன எண்ணை வட்டமிட வேண்டும். வலி அதிகமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு வேன் தோட்டத்துக்கே வரும் என்று சொல்லியிருந்தார்கள். எத்தனைக்கு மேல் போனால் வேன் வரும் என்பதை மட்டும் எங்களிடம் சொல்லவில்லை. தெரிந்தால் நாங்கள் இரக்கப்பட்டு எண்ணைத் தூக்கிவிடுவோமாம். அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது.

அந்த வட்டாரத்தில் ஒரு அக்காவின் வீடு. ஐம்பது தாண்டியவர். முன்பு பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்கியவர், இப்போது எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். கணவர் இறந்துவிட்டார், மகன் சிங்கப்பூரில். நான் போனபோது வாசலில் ஒரு தாழ்ந்த பலகையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். எழுந்து வரவேற்க வேண்டும் என்று எழப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, பிறகு என் தோளைப் பிடித்து எழுந்தார். எழுந்ததும் சீராப் சர்பத் கலக்கிக் கொண்டுவர உள்ளே போனார், வேண்டாம் என்று நான் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தனைன்னு சொல்லணுமா?" என்று முழங்காலைத் தடவியபடி யோசித்தார். "அஞ்சு ஆறெல்லாம் இல்ல தங்கச்சி. அதுக்கு மேலதான். ஏழுக்கும் மேல."

"அப்ப எத்தனை போடட்டும்க்கா?"

"ஒம்போதுன்னு சொன்னா பேராச மாதிரி இருக்கும் லா. ஏழே போட்டுடு."

நான் ஏழை வட்டமிட்டேன். சீராப்பைக் குடித்தேன். அடுத்த வீட்டுக்குப் போனேன். என் இருபது வருட அனுபவத்தில் அவ்வளவு கவனமில்லாமல் வேறு எதையும் அளந்ததில்லை என்று இப்போது தெரிகிறது.

படிவங்களைக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து சுங்கை பட்டாணியில் இருந்த அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கடைவரிசையில் மாடியில் இரண்டு அறை, அவ்வளவுதான் அலுவலகம். புள்ளிவிவரம் பார்ப்பவர் பினாங்குச் சீனர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எதையும் மெதுவாகப் பேசுவார். நாங்கள் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அன்று பேசுவதற்கு முன்னால் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"அக்கா, இது நீங்க கொண்டுவந்த எண்கள்."

சைபரில் இருந்து பத்து வரைக்கும் வரிசையாகப் பட்டைகள். ஐந்து உயரம், ஏழு மிக உயரம், ஒன்பதும் பரவாயில்லை. ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மட்டும் முன்பல் விழுந்த பிள்ளையின் வாய் மாதிரி ஓட்டை, கணினி அதைச் சிவப்பில் குறித்திருந்தது.

"இருநூற்றுச் சொச்சம் படிவம். மூணே மூணு எட்டு. வலிக்கு ஏழு உண்டு, ஒன்பது உண்டு, எட்டு இல்லை. உடம்பு அப்படி வலிக்காது."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. கணக்கெடுக்கிறவர்கள் வீட்டுக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து தாங்களாகவே எண்களை எழுதுவதுண்டு. அப்படி எழுதும்போது சில எண்கள் கைக்கு வரும், சில வராது. அதை வைத்தே பிடித்துவிடுவார்கள். மக்கள்தொகைக் கணக்கில் வயதைப் பார்ப்பதும் இதே வழிதான், மீன்பிடிக் கணக்கில் எடையைப் பார்ப்பதும் இதே வழிதான் என்று அவரே முன்பு ஒரு நாள் எனக்கு ஆசையாக விளக்கியிருந்தார். நானும் வாயைப் பிளந்து கேட்டிருந்தேன். அந்தக் கத்தி இப்போது என் கழுத்துக்கு வந்திருந்தது.

"நான் போகவேயில்லைன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். கோபம் வந்தால் என் குரல் இறங்கிவிடும். வீட்டில் அதைக் கேட்டால் எல்லோரும் வேறு அறைக்குப் போய்விடுவார்கள்.

அவர் போகவில்லை. "நான் சொல்லலை. எண் சொல்லுது. இதுக்கு ஒரு காரணம் கிடைக்கலைன்னா உங்க படிவம் மொத்தத்தையும் நீக்கணும். புக்கிட் செலம்பாவ் பக்கம் யாரும் பட்டியல்ல இருக்க மாட்டாங்க. வேன் போகாது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எட்டும் அதுக்கு மேலயும் சொன்னவங்களுக்குத்தான் வேன். அதான் அந்த இடத்துல ஓட்டை இருந்தா என்னால கண்டுக்காம விட முடியாது" என்றார்.

என் பெயர் கெடுவது ஒரு பக்கம். கதவு நிலையையும் சுவரையும் பிடித்து எழுந்த அந்த அக்கா ஏழு என்று சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் படிவங்கள் குப்பைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவருக்கு வேன் வராது.

"அந்த மூணு எட்டு யாருடையது?" என்று கேட்டேன்.

ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது. பழக்கம், அவ்வளவுதான். எண்ணைப் பார்த்தால் யாருடையது என்று கேட்கிற புத்தி. அவர் தேடி எடுத்தார். முதல் படிவத்தில் மதம்: கிறிஸ்துவம். இரண்டாவதும் அதுவே. மூன்றாவது யார் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, மாதா கோயில் சாவி வைத்திருக்கிற ஐயா. அங்கே ஞாயிறு பூசைக்கு ஆள் குறைவு, நானே போனால் முன்வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில், டவுனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் எட்டும் ஒரு எண். ஆனால் பக்கத்து வீட்டு அண்ணன் கார் வாங்கியபோது எண்களைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று வேறு எண்ணுக்காக ஒரு மாதம் காத்திருந்தது எனக்குத் தெரியும். எட்டாம் தேதியில் யாரும் பெண் பார்க்கப் போகமாட்டார்கள் என்று தெரியும். எட்டு சனியுடைய எண் என்று தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருநூறு வீட்டில் கேட்டிருக்கிறேன், ஒரு வீட்டிலும் நினைவுக்கு வரவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

அவரிடம் சொன்னேன். நம்ப முடியாமல் பார்த்தார். "எட்டையா வேணாம்னு சொல்வாங்க?" என்றார். சீனர்களுக்கு எட்டு அதிர்ஷ்ட எண். அவருடைய கார் எண்ணில் இரண்டு எட்டு, அதற்காகக் கூடுதலாகச் செலவழித்தவர் அவர்.

"சீனர் கம்பத்துப் படிவத்தைக் காட்டுங்க" என்றேன்.

காட்டினார். எட்டு வானத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மூன்று இருந்தது, ஐந்து இருந்தது. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் தரை. கணினி அதையும் சிவப்பில்தான் காட்டியிருந்தது. இவர் அதைப் பார்த்திருக்கிறார், தலையாட்டியிருக்கிறார், அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார்.

"அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா?" என்றேன்.

அவர் காது சிவந்தது. "நாலை யார் சொல்வாங்க, எங்க பாஷையில அது சாவு மாதிரி கேட்கும். எங்க வீட்டு லிஃப்ட்டிலேயே நாலாவது மாடி கிடையாது" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு வெகுநேரம் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டார், ஆனால் உடனே சேர்த்துக்கொண்டார்: "மூணு படிவம் சாட்சி ஆகாது அக்கா. மூணு தற்செயலாவும் வரும். வாயால சொல்ற எண் இல்லாம வேற ஏதாவது வச்சு அளந்து பார்க்கணும்."

அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. ரப்பர் பாலை மிதக்கவிட்டும் பார்க்க வேண்டும், காய வைத்தும் பார்க்க வேண்டும். அதையேதான் சொன்னார்.

வேறு அளவு என்பது ஒரு நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். ஏழு, ஒன்பது என்று சொன்னவர்களில் யார் யார் வீட்டுக்குப் போவது என்று கணினியே குலுக்கிப் போட்டது. நான் பொறுக்கினால் சரிப்படாது. விநாடி பார்க்கும் கடிகாரமும் அவர் கையில்தான் இருக்கும். எனக்கு நாற்காலி தூக்குகிற வேலை. எல்லா வீட்டுக்கும் ஒரே நாற்காலி, உயரம் மாறினால் விநாடி மாறிவிடும் என்று அலுவலக நாற்காலி ஒன்றைக் காரில் போட்டுக் கொண்டுவந்தார். செம்மண் பாதையில் அவருடைய இரட்டை எட்டு கார் ஊர்ந்து வந்ததை ஊரே பார்த்தது. எண்ணைப் படித்த இரண்டு கிழவர்கள் தலையில் கை வைத்ததையும் நான் பார்த்தேன், அவரிடம் சொல்லவில்லை.

முதல் சில வீடுகளிலேயே விஷயம் தெரிய ஆரம்பித்தது. ஏழு என்று சொன்னவர்கள் ஒரே மாதிரி இல்லை. சிலர் சுலபமாக எழுந்தார்கள். சிலர் ஒன்பது சொன்னவர்களைப் போலவே திணறினார்கள். ஒரே எண்ணுக்குள் இரண்டு வகை மனிதர்கள் ஒளிந்திருந்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவர் என்னைவிட வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மத்தியானம் போல அந்த அக்காவின் வீடு வந்தது. குலுக்கலில் அவர் பெயர் விழுந்திருந்தது. விழாவிட்டாலும் எப்படியாவது போயிருப்பேன் என்று அளக்கிறவள் சொல்லக்கூடாது. சொல்கிறேன்.

முதல் முறை எழுந்தார். இரண்டாவது முறை முகம் சுருங்கியது. மூன்றாவது முறை கட்டியிருந்த கை தானாகப் பிரிந்து தொடைக்குப் போனது. "கையைக் கட்டிக்கங்கக்கா" என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் படுபாவிக் கேள்வியைக் கேட்டதும் நான், இதைச் சொன்னதும் நான். ஐந்தாவது முறை எழுந்து நின்றபோது உதட்டுக்கு மேல் வியர்வை. புள்ளிவிவரக்காரர் கடிகாரத்தை என்னிடம் காட்டினார். ஒன்பது என்று சொன்ன எல்லோரையும்விட அதிகம்.

"இவங்க ஏன் எட்டுன்னு சொல்லலைன்னு கேளுங்க" என்று மலாயில் சொன்னார்.

அக்காவுக்கும் மலாய் தெரியும். அவரிடம் சொல்லாமல் என்னிடம் தமிழில் சொன்னார். "இவரு எதுக்குத் தங்கச்சி அந்த நம்பரையே கேக்குறாரு?"

மறைக்கத் தோன்றவில்லை. இங்கே யாரும் அந்த எண்ணைச் சொல்லாததால் நானே வீட்டில் உட்கார்ந்து எழுதிவிட்டேனோ என்று சந்தேகப்பட்டார்கள் என்று சொன்னேன்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நா ஒருத்தி சொல்லியிருந்தா உனக்கு இந்தத் தொல்ல வந்திருக்காது இல்ல?"

"ஒருத்தர் சொன்னா மாறாதுக்கா. விடுங்க."

"எங்க வீட்டுக்காரரு போனது அந்தத் தேதிலதான். அதுலேருந்து வாயால சொல்றதில்ல. பாசார்ல முட்டை வாங்குனாகூட ஏழு, இல்லன்னா ஒம்போது. கடைக்காரன் சிரிப்பான். உடம்பப் பத்திப் பேசும்போது அதச் சொன்னா, வந்த வலி அப்படியே உக்காந்துக்கும். அதான் சொல்லல." பிறகு மெதுவாக, "பொய் சொல்லணும்னு சொல்லல தங்கச்சி" என்றார்.

நான் இதை மலாயில் சொன்னேன். புள்ளிவிவரக்காரர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். திரும்பும்போது காரில், ஆளுக்கு ஒரு எண் ஆகாதபோது எல்லோர் கையிலும் ஒரே அளவுகோலைக் கொடுத்துவிட்டோமே என்றார். அவருடைய கார் எண்ணைப் பற்றிய விஷயத்தை அப்போது சொன்னேன். சிரித்தார், ஆனால் அடுத்த நாள் அலுவலக வேனை எடுத்துக்கொண்டு வந்தார்.

என் படிவங்கள் தப்பின. ஏழு சொன்ன எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்து, விநாடியைப் பார்த்துப் பட்டியலைத் திருத்தினார்கள். சீனர் கம்பத்தில் மூன்றும் ஐந்தும் சொன்னவர்களையும் மறுபடி பார்த்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

இரண்டு மாதம் கழித்துப் பயிற்சி வேன் வந்தது. தோட்டத்து மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு மலாய்ப் பெண். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பட்டியலில் முதல் பெயரே அந்த அக்காவுடையது. மெல்ல நடந்து வந்து உட்கார்ந்தார்.

பயிற்சிக்காரர் அவருடைய முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். தன் கையில் இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். சைபரில் இருந்து பத்துக்குள் இன்றைக்கு வலி எத்தனை? அவருடைய முறையில் அதுதான் தொடக்கம். இதைக் கேட்க வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் மொழிபெயர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். முழங்காலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எட்டு" என்றார்.

கணவர் போன நாளில் இருந்து வாயில் வராத எண். அவர் அதைச் சொன்னது முழங்காலுக்காகவா, எனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் எங்கே நின்றால் நிழல் விழாது என்று பார்த்துப் பார்த்து நின்றவள் நான். வேண்டாம்க்கா, ஏழென்றே சொல்லுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியாது, அதுவும் அளவைக் கெடுப்பதுதான். கண் நிறைந்துவிட்டது.

பயிற்சிக்காரர் பேனாவோடு என்னைப் பார்த்தார். மலாயில் எட்டு என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அக்கா தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலை நீட்டினார்.